உணவுக்குழாயில் ஆரம்பப் புற்றை எண்டோஸ்கோபியில் எடுத்த பிறகு குழாய் சுருங்காமல் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவுக்குழாயின் மேல் அடுக்கில் மட்டும் இருக்கும் புற்றை, நெஞ்சைத் திறக்காமல், எண்டோஸ்கோபி வழியாகவே உரித்து எடுக்கும் முறைக்கு இ.எஸ்.டி. என்று பெயர். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர்ப் பக்கத்திலிருந்து இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் அவர்களோடு துணைக்கு இருப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சுருங்காமல் தடுக்கப் போடும் ஊசி, சுருங்கிய குழாயை விரிக்கும் பலூன் பற்றிய பகுதிகளை எண்டோஸ்கோபி அறையில் வேலை செய்பவர்களையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். மருந்தின் அளவுகள் புரிந்துகொள்வதற்கு மட்டுமே. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கட்டியத்தான் எடுத்தாச்சுங்களே, அப்புறம் எதுக்குக் குழாய் சுருங்குது?

உணவுக்குழாயின் உள்பக்கம் மெல்லிய உட்சவ்வு. அதன் அடியில் மெத்தென்ற ஓர் அடுக்கு, அதற்கும் வெளியே தசை. இ.எஸ்.டி.யில் உட்சவ்வையும் மெத்தென்ற அடுக்கின் பெரும்பகுதியையும் ஒரே துண்டாக உரித்துவிட்டு, தசையைத் தொடாமல் விடுகிறார்கள். எடுத்த இடம் பச்சைப் புண்ணாக நிற்கும். எச்சிலும் உணவும் இரவில் மேலேறி வரும் அமிலமும் அதன்மேல்தான் போய் வர வேண்டும்.

உடம்பு அந்தப் புண்ணை மூடப் பார்க்கும். முதலில் வீக்கம் வரும். பிறகு நார் உற்பத்தி செய்யும் செல்கள் வந்து சேரும். அவற்றில் பல, தசை போலவே இழுத்துச் சுருக்கும் தன்மை பெற்றுவிடுகின்றன. அதே நாட்களில் ஓரங்களிலிருந்து புதுச் சவ்வு மெல்ல ஊர்ந்து வந்து புண்ணை மூடுகிறது. இந்த இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. குழாயின் ஒரு பக்கம் நல்ல சவ்வு அகலமாக மிச்சம் இருந்தால் புதுச் சவ்வு விரைவாக மூடிவிடும். புண் சுற்றிவர இருந்தால் தழும்பு எல்லாப் பக்கமிருந்தும் இறுகும், சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி. அடியிலுள்ள தசையும் மெலிந்து நாராகிப்போனால் குழாய்க்கு விரிந்து கொடுக்கும் குணமே போய்விடும்.

இது புற்று திரும்பி வந்ததன் அடையாளம் அல்ல. புற்று முழுசாக வந்துவிட்டது, ஓரம் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தவருக்கும் சுருக்கம் வரும். பெரிய புண்ணில் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்குள் தொடங்கும். அதனால்தான் கட்டியை எடுத்த அன்றைக்கோ அதை ஒட்டிய நாட்களிலோ தடுப்பைத் தொடங்கிவிட வேண்டும். வீக்கத்தையும் தழும்பையும் அடக்கும் ஸ்டீராய்டு மருந்துதான் முக்கியத் தடுப்பு. சோறு சிக்கத் தொடங்கிய பிறகு ஸ்டீராய்டு கொடுத்தால், ஏற்கெனவே இறுகிவிட்ட நாரை அது இளக்கிவிடாது.

எல்லாத்துக்கும் வருமுங்களா?

இல்லை. புண் குழாயின் சுற்றளவில் எவ்வளவைப் பிடித்திருக்கிறது என்பதுதான் முதல் கணக்கு.

பாதிச் சுற்றுக்குக் குறைவாக இருந்தால் சுருக்கம் அபூர்வம். முக்கால் சுற்றும் அதற்கு மேலும் போனால், தடுப்பு எதுவும் செய்யாதபோது பத்தில் ஆறு முதல் ஒன்பது பேருக்கு வருகிறது. முழுச் சுற்றையும் எடுத்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் இருந்தால் நீளத்தையும் பார்க்க வேண்டும். 3 செ.மீ.க்கு மேல் நீண்ட புண், கழுத்துப் பகுதியில் இருக்கும் புண், முன்பே கதிர்வீச்சு வாங்கிய குழாய், எடுக்கும்போது தசையில் காயமோ சூடோ பட்ட இடம், இவற்றில் எல்லாம் ஆபத்து கூடும்.

இங்கே கணக்கில் வருவது புண்ணின் அளவுதான், கட்டியின் அளவு அல்ல. கட்டியைச் சுற்றி நல்ல சவ்விலும் கொஞ்சம் சேர்த்தே வெட்டுவதால், அரைச்சுற்றுக் கட்டி எடுத்த இடம் முக்கால் சுற்றை நெருங்கும் புண்ணாகலாம். ஆகவே டிஸ்சார்ஜ் வாங்கும்போது "கட்டி எவ்வளவு பெருசு" என்பதோடு நிறுத்தாமல், "புண் எத்தனை சுற்று, எத்தனை சென்டிமீட்டர் நீளம், பல்லிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்குது" என்று கேளுங்கள். அதைச் சம்மரியில் எழுதியும் வாங்குங்கள். பின்னால் வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் தேடுவது இந்த மூன்று எண்களைத்தான்.

எடுக்கும்போதே சுருங்காத மாதிரி எடுக்க முடியாதுங்களா?

ஓரளவுக்கு முடியும். புற்றின் எல்லையைத் துல்லியமாகக் காண லூகால் அயோடின் கரைசலைத் தெளிக்கிறார்கள். நல்ல சவ்வு பழுப்பாக நிறம் பிடிக்கும், புற்றுள்ள இடம் பிடிக்காமல் வெளுத்து நிற்கும். எல்லை தெளிவாகத் தெரிந்தால் பக்கவாட்டில் தேவைக்கு மேல் வெட்ட வேண்டியதில்லை. பெரிய கட்டியில் ஒரு பக்கம் மெல்லிய பட்டையாவது நல்ல சவ்வை விட்டுவைப்பது பெரிய உதவி. ஆனால் சுருக்கத்துக்குப் பயந்து புற்றின் ஓரத்தை விட்டுவிடக் கூடாது. அயோடின் தெளித்த பிறகு நெஞ்சு எரிவது சகஜம். கடைசியில் சோடியம் தயோசல்பேட் தெளித்தால் எரிச்சல் அடங்கும். அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்களும் தைராய்டு தொல்லை உள்ளவர்களும் அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

முழுச் சுற்றுப் புற்று என்றால் ஜப்பானிய வழிகாட்டுதல் ஓர் எல்லை வைத்திருக்கிறது. மேலடுக்கிலேயே நிற்பதாகத் தோன்ற வேண்டும், நீளம் 5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், சுருக்கத் தடுப்பும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். இந்த மூன்றும் கூடினால்தான் எண்டோஸ்கோபியில் எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அதைவிட நீளமாக இருந்தால் அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு பற்றியும் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

ஸ்டீராய்டு ஊசி எங்கே போடுவாங்க, எவ்வளவு போடுவாங்க?

மருந்து ட்ரையாம்சினோலோன் அசிட்டோனைடு. கட்டியை எடுத்து முடித்து, ரத்தக் குழாய்களை அடைத்த கையோடு, அதே மயக்கத்தில் புண்ணின் அடியிலேயே போடுகிறார்கள். ஜப்பானில் ஒசாகாவில் செய்து 2012-இல் வெளியான ஆய்வில் ஒரே தடவையில் 100 மி.கி. போட்டார்கள். அதற்கு முன் ஊசி இல்லாமல் சிகிச்சை பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்குச் சுருக்கம் வந்திருந்தது, ஊசி போட்டவர்களில் 10 சதவீதத்தினருக்கே வந்தது. முக்கால் சுற்றைத் தாண்டி, முழுச் சுற்றுக்குப் போகாத புண்களில் கிடைத்த பலன் இது.

அறையில் இருப்பவர்களுக்கு: நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் மில்லிக்கு 40 மி.கி. உள்ள குப்பி. மருந்து கரையாத துகளாக அடியில் படிந்திருக்கும், நன்றாகக் குலுக்காமல் எடுத்தால் ஒரு ஊசியில் தண்ணீரும் அடுத்ததில் கெட்டி மருந்துமாகப் போகும். மில்லிக்கு 5 மி.கி. ஆக்க வேண்டும் என்றால் 1 மி.லி. மருந்தோடு 7 மி.லி. சலைன். 80 மி.கி.க்கு இரண்டு குப்பி, மொத்தம் 16 மி.லி. சிரிஞ்சில் நின்றாலும் படியும், ஆகவே ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் முன் புரட்டிக் கலக்குங்கள். 25 கேஜ் ஊசியில், ஓரிடத்துக்கு 0.2 முதல் 1 மி.லி. வரை, ஏறக்குறைய ஒரு செ.மீ. இடைவெளியில் போடுவது வழக்கம்.

தவறு நடப்பது ஆழத்தில். மருந்து போக வேண்டிய இடம் தசைமேல் மிச்சமிருக்கும் மெல்லிய அடுக்கு. சரியாகப் போனால் அந்த இடம் வெள்ளையாகக் கொப்புளம் மாதிரி எழும்பும். எழும்பாமல் மருந்து காணாமல் போனால் ஊசி தசைக்குள் இறங்கிவிட்டது என்று பொருள், நிறுத்தி ஊசியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தசைக்குள் போன ட்ரையாம்சினோலோன் தசையை அரித்து மெலிய வைக்கும். அங்கே சீழ் பிடிக்கலாம், சில வாரம் கழித்துப் பலூன் வைக்கும்போதோ தானாகவோ ஓட்டை விழலாம். எடுக்கும்போதே தசை கிழிந்த இடத்துக்கும் கிளிப் போட்ட இடத்துக்கும் அருகில் ஊசியைத் தவிர்ப்பதே சரி.

மாத்திரை கொடுத்தா எத்தனை நாள் சாப்பிடோணும்?

நாகசாகியில் தொடங்கி 2011-இல் வெளியான முறையைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, கட்டியை எடுத்த மூன்றாம் நாள் தொடக்கம், மொத்தம் 8 வாரம். முதல் இரண்டு வாரம் தினம் 30 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 25, பிறகு வாரம் ஒன்றாக 20, 15, 10, 5. கூட்டினால் 1,120 மி.கி., அதாவது 5 மி.கி. மாத்திரையில் 224. அந்த ஆய்வில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 5.3 சதவீதத்தினருக்கும், முன்கூட்டியே பலூன் மட்டும் வைத்தவர்களில் 31.8 சதவீதத்தினருக்கும் சுருக்கம் வந்தது. சிறிய ஆய்வுதான். பலூன் வைக்க வேண்டிய தடவைகளும் மாத்திரைக் குழுவில் வெகுவாகக் குறைந்தன.

மாத்திரையைக் காலையில், சாப்பிட்ட பிறகு, ஒரே வேளையாக எடுங்கள். சாயங்காலம் எடுத்தால் தூக்கம் கெடும். குறைக்கும் அட்டவணையைத் தேதி போட்டுத் தமிழில் எழுதித் தரச் சொல்லி, மாதக் காலண்டரிலேயே குறித்துவிடுங்கள். நாங்கள் அடிக்கடி காணும் பிழை, "30 மில்லிகிராம்" என்று எழுதியிருக்க, கடையில் 5-க்குப் பதில் 10 மி.கி. அட்டை கொடுத்துவிட, வீட்டில் பழைய எண்ணிக்கையிலேயே ஆறு மாத்திரை விழுங்குவது. அட்டை மாறும்போதெல்லாம் எண்ணிக்கையும் மாறும்.

நடுவில் திடீரென நிறுத்தக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு உள்ளே போனால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டுவிடும். சட்டென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு எல்லாம் வரலாம்.

ஊசியா, மாத்திரையா, எது நல்லதுங்க?

முழுச் சுற்று அல்லாத புண்ணுக்கு ஊசியே போதும் என்பது எங்கள் கருத்து. மருந்து அந்த இடத்தோடு நிற்கிறது, சர்க்கரையும் தொற்றும் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. முழுச் சுற்றுப் புண்ணில் ஊசி மட்டும் போட்டு நிறுத்தினால் பலருக்கும் சுருங்கிவிடுகிறது. அங்கே மாத்திரை, அல்லது ஊசியோடு மாத்திரை. அப்படிச் செய்தும் சிலருக்குப் பலூன் தேவைப்படும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

ஸ்டீராய்டுக்கு முன்னால என்னென்ன சொல்லோணும், என்னென்ன பார்க்கோணும்?

இந்தக் கேள்வியைத்தான் நிறையப் பேர் கேட்காமல் விடுகிறார்கள். எட்டு வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டால் உடம்பில் அடங்கிக் கிடக்கும் தொற்று எழும்பிவிடலாம்.

காசநோய் முதலாவது. இளவயதில் பெருந்துறை சானடோரியத்தில் தங்கி மருந்து சாப்பிட்டவர்கள், வீட்டில் யாருக்காவது டி.பி. வந்தவர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர்கள் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "அது நாப்பது வருசத்துக்கு முந்தி" என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சளிப் பரிசோதனையும் முடித்த பிறகே மாத்திரை.

ஹெப்படைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனை அடுத்தது. அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமப்பவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கல்லீரல் திடீரெனப் பாதிக்கப்படலாம். முன்கூட்டித் தெரிந்தால் அதற்குரிய மாத்திரையைப் பாதுகாப்பாகத் தொடங்கிவிடலாம்.

மூன்றாவது, வெறுங்காலில் தோட்டத்து மண்ணில் வேலை செய்பவர்களுக்கு. மஞ்சள் காட்டிலும் வாழைத் தோப்பிலும் ஈரமண்ணில் நிற்கும் பாதத்தின் வழியே ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்ற புழு உடம்புக்குள் ஏறக் கூடும். அது வருடக்கணக்கில் சத்தமின்றிக் குடலில் தங்கும். ஸ்டீராய்டு போனதும் பலமடங்காகப் பெருகி நுரையீரல் வரை பரவி உயிருக்கே ஆபத்தாகும். அதற்கு ஐவர்மெக்டின் மாத்திரை இருக்கிறது. ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு கூடுதலாக இருப்பவருக்கு இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

நாளுக்கு 20 மி.கி.யும் அதற்கு மேலும் ஒரு மாதத்தைத் தாண்டுவதால் நிமோசிஸ்டிஸ் என்ற கிருமியால் வரும் நிமோனியாவைத் தடுக்கக் கோ-ட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா மருந்தும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று மருத்துவர் யோசிப்பார். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைச் சொல்ல வேண்டும். எலும்புத் தேய்மானம், கண் அழுத்தம், முன்பு வந்த மனநலக் குறைவு இவையும் பேச வேண்டியவையே. முட்டி வலி என்று கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கி ஸ்டீராய்டோடு சேர்த்துப் போடாதீர்கள், வயிற்றில் ரத்தம் கசியலாம். மூட்டு வலிக்கென்று பெயர் இல்லாமல் தரும் பொடிகளிலும் இவை கலந்திருக்கலாம்.

அப்பாருக்குச் சர்க்கரை இருக்குதுங்க. ஸ்டீராய்டு தாங்குமா?

தாங்கும், ஆனால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். காலையில் பிரட்னிசோலோன் சாப்பிட்டால் சர்க்கரை உச்சம் போவது மத்தியானமும் சாயங்காலமும். வெறும் வயிற்று அளவு 110 என்று வந்ததை நம்பி விட்டுவிட்டால் ஏமாந்துவிடுவீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சோற்றுக்கு முன்னும் குத்திப் பாருங்கள். சில வாரத்துக்கு இன்சுலின் தேவைப்படலாம். ஸ்டீராய்டு அளவு ஒவ்வொரு படியாக இறங்கும்போது இன்சுலினையும் இறக்க வேண்டும். இறக்காமல் விட்டால் ஆறாம், ஏழாம் வாரத்தில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் வெள்ளைச் சர்க்கரை ஏற்றுவதைப் போலவேதான் ஏற்றும். கட்டுப்பாடே இல்லாத சர்க்கரை என்றால் ஊசி முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மாத்திரை நடக்கும் எட்டு வாரத்தில் பழனி பாதயாத்திரை, சஷ்டி விரதம் போன்றவற்றைத் தள்ளி வையுங்கள்.

என்ன சாப்பிடலாம், எப்ப இருந்து சாப்பிடலாம்?

எடுத்த அன்று ஒன்றும் கிடையாது. மறுநாள் நெஞ்சுவலி, காய்ச்சல் இல்லை என்று உறுதியான பிறகு தண்ணீர். அதற்குப் பிறகு இளநீர், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். இரண்டு மூன்று நாளில் குழைந்த உணவு. இந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும்.

நம் சாப்பாட்டில் பல இதற்கு நன்றாகவே ஒத்துவரும். அரிசிம்பருப்புச் சோற்றைத் தண்ணீர் கூட வைத்துக் குழைய வேகவிட்டு, நெய் ஊற்றி, காய்ந்த மிளகாயையும் கறிவேப்பிலையையும் எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். கம்பங்கூழ், ராகிக்கூழ் மோர் விட்டு நீர்க்கக் கரைத்தால் மிக நல்லது, ஆனால் தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாயும் வெங்காயமும் வேண்டாம். பாசிப்பயறு மசியல், இட்லி, அவித்த முட்டை மசித்தது, தயிர்ச்சோறு எல்லாம் சரி.

களி மட்டும் வேண்டாம். களியை உருட்டிக் குழம்பில் தொட்டு மெல்லாமல் அப்படியே விழுங்குவதுதான் நம் வழக்கம். சுருங்கத் தொடங்கிய குழாயில் சிக்குவதற்கு இதைவிடத் தோதான உணவு வேறில்லை. சந்தகையும் நீள நீளமாகச் சேர்ந்து உருண்டுகொள்ளும், நறுக்கி ஊறவிட்டு மட்டும் கொடுங்கள். கறி, நாட்டுக்கோழி, முறுக்கு, கடலை இவற்றை அடுத்த எண்டோஸ்கோபி வரை ஒதுக்குங்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சின்னத் துண்டுதானே என்று போட்ட கறி சிக்கி, நள்ளிரவில் எடுக்கப் போவது இந்த நோயில் வழக்கமாக நடக்கும் விபரீதம். ஸ்டீராய்டு போட்ட புண்ணில் உணவு சிக்கி அழுத்தினால் ஓட்டையே விழலாம்.

சூடும் முக்கியம். டீ, காபி, ரசம், கசாயம் எல்லாம் வெதுவெதுப்பாக. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பதையே புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. ஆவி பறக்கும் டம்ளரை வாயில் வைக்கும் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடுவது நல்லது. நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு வாயாக மென்று சாப்பிடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குப் படுக்க வேண்டாம். பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை எட்டு வாரம் போல, சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் எடுங்கள்.

நல்லாத்தானுங்க சாப்பிடறேன், எதுக்கு மறுபடியும் எண்டோஸ்கோபி?

குழாய் பாதிக்கு மேல் சுருங்கும் வரைக்கும் குழைந்த சோறு தடையின்றி இறங்கும். உங்களுக்குத் தெரியும்போது தழும்பு இறுகியிருக்கும். முக்கால் சுற்றுக்கு மேல் எடுத்தவர்களுக்கு இரண்டாம் வாரத்தில் ஒரு தடவையும், பிறகு புண் முழுக்க மூடும் வரை சில வாரத்துக்கு ஒரு தடவையும் பார்ப்பது வழக்கம். ஏறக்குறைய 9 முதல் 10 மி.மீ. தடிமன் உள்ள சாதாரண எண்டோஸ்கோப் தடையில்லாமல் கீழே போகவில்லை என்றால் சுருக்கம் என்று எழுதுவார்கள்.

வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவை இப்படிக் குறித்து வையுங்கள்: எல்லாமே இறங்கினால் 0, கெட்டி உணவு சிலது சிக்கினால் 1, குழைந்தது மட்டும் இறங்கினால் 2, நீர் ஆகாரம் மட்டும் என்றால் 3, எச்சில்கூட இறங்கவில்லை என்றால் 4. மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலும் இதுதான். போன வாரம் 0, இந்த வாரம் 1 என்றால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். தண்ணீர் விட்டு விட்டுச் சோற்றைத் தள்ளிச் சாப்பிடத் தொடங்கினாலே அது 1 தான். பெரியவர்கள் தாங்களாகவே கறியை ஒதுக்கிவிட்டு "எனக்கு ஒண்ணும் இல்ல சாமி" என்பார்கள். தட்டில் என்ன மிச்சம் வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

பலூன் வெச்சு விரிக்கறது எப்படிங்க? வலிக்குமா?

எண்டோஸ்கோப் வழியாகச் சுருங்கிய பலூனை அனுப்பி, குறுகிய இடத்தின் நடுவில் வைத்து, உள்ளே தண்ணீரை அழுத்தி விரிப்பார்கள். மயக்கத்தில் செய்வதால் அப்போது வலி தெரியாது. பிறகு ஒரு நாள் நெஞ்சு கனமாக இருக்கலாம். பலூன்கள் மூன்று அளவுக்கு விரியும்படி வரும், 12, 13.5, 15 மி.மீ. என்று ஒன்று, 15, 16.5, 18 மி.மீ. என்று இன்னொன்று. ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு அழுத்தம் என்பது லேபிளிலேயே இருக்கும். ஒவ்வொரு படியிலும் 30 முதல் 60 விநாடி நிறுத்துவார்கள்.

அவசரப்படுவதுதான் இங்கே கேடு. தடை தெரியத் தொடங்கிய அளவிலிருந்து ஒரே அமர்வில் 3 மி.மீ.க்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பழைய விதி. இ.எஸ்.டி. புண்ணில் அதைக் கடைப்பிடிக்க இன்னும் வலுவான காரணம் இருக்கிறது, ஏனென்றால் அடியில் இருப்பது மெலிந்த தசை மட்டுமே. எண்டோஸ்கோப் கீழே நுழையாத அளவு குறுகியிருந்தால் கைடு வயர் என்ற மெல்லிய வழிகாட்டிக் கம்பியை எக்ஸ்ரே பார்த்து அனுப்பிய பிறகே பலூன். வயர்மேல் ஓடும், நுனி ஒடுங்கிய விரிப்புக் குழல்களான சாவரி பூஜிகளையும் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். கழுவிக் கிருமி நீக்கித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் செலவு குறைவு. ஒரு வாரம் அல்லது இரண்டு வார இடைவெளியில் 15 மி.மீ.க்கு மேல் நிலைக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஒரு தடவையில் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சுருங்கறதுக்கு முன்னாலேயே பலூன் வெச்சா ஆகாதுங்களா? ஸ்டென்ட்?

வாரம் ஒரு தடவை முன்கூட்டியே பலூன் வைப்பது ஸ்டீராய்டு வருவதற்கு முன் இருந்த வழி. ஸ்டீராய்டே கொடுக்க முடியாதவர்களுக்கு இன்றும் அது பயன்படும், ஆனால் பல தடவை அலைய வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஓட்டை விழும் அபாயமும் கொஞ்சம் உண்டு. குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்தான் ஸ்டென்ட்; முழுக்க மூடிய உலோக ஸ்டென்ட் நகர்ந்துவிடும், ஓரங்களில் சதை வளரும். பாலிகிளைகாலிக் அமிலத் தாளை ஒட்டுவதும், நோயாளியின் கன்னத்து உட்சவ்விலிருந்து வளர்த்த செல் தாளைப் பதிப்பதும் ஜப்பானில் செய்து பார்க்கப்பட்டவை. பிந்தையதை டோக்கியோவில் 2012-இல் வெளியிட்டார்கள். இவை நம் பக்கத்தில் அன்றாடச் சிகிச்சை அல்ல.

எந்த அறிகுறி வந்தா ராத்திரியானாலும் கிளம்போணும்?

நிற்காத நெஞ்சுவலி அல்லது முதுகுவலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்ற உணர்வு. பலூன் வைத்த அன்றோ, ஊசி போட்டுச் சில வாரம் கழித்தோ இவை வந்தால் ஓட்டை விழுந்திருக்கலாம். ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், எச்சில்கூட இறங்காத அடைப்பு இவையும் அவசரமே. 108-க்கு அழையுங்கள். போகும் வழியில் தண்ணீர், சோடா, வாழைப்பழம் எதுவும் கொடுக்காதீர்கள். சிக்கியதைத் தள்ளுவதற்காகச் சோற்று உருண்டை விழுங்க வைப்பது நிலைமையை மோசமாக்கும்.

எத்தனை தடவை விரிச்சாலும் திரும்பச் சுருங்குதுங்க.

இரண்டு வார இடைவெளியில் ஐந்து தடவை விரித்தும் 14 மி.மீ. எட்டவில்லை என்றால் அதைப் பிடிவாதச் சுருக்கம் என்கிறார்கள். அப்போது விரித்த கிழிசலிலேயே ட்ரையாம்சினோலோன் போடுவது, தழும்பு வளையத்தை எண்டோஸ்கோபிக் கத்தியால் ஆரம் ஆரமாக வெட்டுவது, சில வாரத்துக்கு ஸ்டென்ட் வைப்பது என்று வழிகள் உண்டு. இதற்குள் எடை இறங்கிவிட்டால் எந்தச் சிகிச்சையும் தாங்காது. வயிற்றுக்கோ சிறுகுடலுக்கோ குழாய் வைத்து ஊட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள், அது தற்காலிகமே.

பயாப்சி ரிப்போர்ட்டுல இன்னும் சிகிச்சை வேணும்னு வந்திருக்குது. சுருக்கம் கூடுமா?

புற்று எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போயிருந்தாலோ, ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்திருந்தாலோ கதிர்வீச்சும் கீமோவும், அல்லது அறுவையும் சொல்வார்கள். கதிர்வீச்சு தழும்பைக் கூட்டும், உண்மைதான். அதற்காக மறுக்கக் கூடாது. சுருக்கத்தை விரிக்க வழி இருக்கிறது, நிணநீர்க் கட்டிக்குப் பரவிய புற்றுக்கு அப்படி எளிய வழி இல்லை. கதிர்வீச்சு மருத்துவரிடம் புண்ணின் அளவையும் கொடுத்த ஸ்டீராய்டையும் சொல்லிவிடுங்கள்.

பீடி, வெத்தலை, தண்ணி?

மூன்றையும் நிறுத்த வேண்டும். நம் நாட்டில் அதிகம் காணும் ஸ்குவாமஸ் வகைப் புற்றுக்குப் புகையிலையும் மதுவும் பெரிய காரணங்கள். வெற்றிலையோடு புகையிலையை அடக்கி வைப்பதும் இதில் சேரும், பாக்கு மட்டும் மெல்வதும் பாதுகாப்பானது அல்ல. புண் ஆறும் வாரங்களில் மது நேரடியாகவே எரிக்கும்.

புண்ணு ஆறிப்போச்சு. இனி வரவேண்டியதில்லைங்களே?

வர வேண்டும். புண் முழுக்க மூடி மூன்று மாதம் போல நன்றாக விழுங்கினால் தழும்புச் சுருக்கம் புதிதாகத் தொடங்குவது அரிது. அதற்குப் பிறகு, ஒரு வருடம் கழித்து, திடீரென விழுங்கச் சிரமம் வந்தால் அதைப் பழைய தழும்பு என்று தள்ளிவிடாமல் பயாப்சி எடுத்தே பார்க்க வேண்டும். ஒரு தடவை புற்று வந்த உணவுக்குழாயில் வேறோர் இடத்தில் புதிதாக முளைக்கலாம். வாய், தொண்டை, குரல்வளையிலும் வரலாம், ஏனென்றால் அதே புகையும் மதுவும் அந்த இடங்களையும் தொட்டுத்தான் போயிருக்கின்றன. வருடம் ஒரு தடவையாவது அயோடின் தெளித்தோ, நீல-பச்சை ஒளியில் பார்க்கும் என்.பி.ஐ. முறையிலோ எண்டோஸ்கோபி, கூடவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு பரிசோதனை.

அப்போது எடுத்துப்போக வேண்டியவை: முதல் எண்டோஸ்கோபிப் படங்கள், புண் அளவு எழுதிய சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், போட்ட ஸ்டீராய்டின் அளவும் தேதியும், ஒவ்வொரு பலூன் அளவும் தேதியும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டு என்பதைச் சேரும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். கட்டி எடுப்பதற்கு மட்டும் கேட்டு நிறுத்தாமல், பின்னால் வரக்கூடிய பலூன் அமர்வுகளுக்கும் சேர்த்தே கேட்டு வையுங்கள்.